வட்டச் சுவரில் ஒரு வாசல்

ஐயம்பேட்டையைத் தாண்டி, பாலாற்றைப் பார்த்து இறங்கும் மண்ரோட்டில் இருக்கிற சூசையப்பர் கோயிலுக்குள் முதுகு வழியாகத்தான் நுழைய வேண்டும். மற்ற பழைய கோயில்களில் பீடத்துக்குப் பின்னால் சுவர் அரைவட்டமாக வளையும். இங்கே அந்த வட்டச் சுவரைக் குடைந்து வாசல் வைத்திருக்கிறார்கள். பீடமோ எதிர்க்கோடியில், தட்டைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் முனுசாமி சொல்வார். வாலாஜாபாத் டவுன் பஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்வது அவருக்கு அவமானம். பக்கத்து ஓரிக்கைக்காரர்களிடம், ஏழு யானைகள் முட்டித் தள்ளிக் கோயிலைத் திருப்பி வைத்தன என்பார். சென்னைக்காரர்கள் வந்தால், பாலாற்று வெள்ளம் கோயிலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டுப் போனது. யானைக் கணக்கு வருஷத்துக்கு இரண்டு கூடும். உண்மையில் காரணம் அவருக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி அது.

அந்தப் புதன்கிழமை குடைச்சல் உச்சிக்கு ஏறியது. பீடத்துக்குப் பின்சுவரில் பெரிய விரிசல். பங்குச் சாமியார் கூப்பிட்டதால் இன்ஜினியர் பெண் ஷாரோன் வந்திருந்தாள். அஸ்திவாரம் இறங்கியிருந்தால் கோயிலை இடிக்கத்தான் வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்துவிடுவாள். மே மாதம் வந்தால் முனுசாமிக்கும் மேரிக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். தாலி கட்டிய அதே பீடத்துக்கு முன்னால் பூசை என்று மேரி பட்டுச்சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

"இந்த விரிசல் இருக்குதே பாப்பா, இது அந்தக் காலத்துப் பூகம்பத்துல வந்தது" என்று ஆரம்பித்தார் முனுசாமி.

"இங்க பூகம்பம் வந்துச்சா அங்கிள்? எந்த வருஷம்?"

"இந்தத் தெருவுல மட்டும் வந்தது. பக்கத்துத் தெருவுக்கே தெரியாது."

"யோவ், கம்முனு இரு" என்றாள் மேரி. "நீ பேசிக்கினே இருந்தா பூகம்பமே வேணாம், செவுரு தானா வுழுந்துடும்."

முனுசாமி வாயை மூடிக்கொண்டார். ஊரில் அப்படி நடந்தே இருபது வருஷம் இருக்கும். பேச வழியில்லாததால் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் கிட்டே போனார். விரிசல் இடப்பக்கம் தரையிலிருந்து நேராக ஏறியது. வலப்பக்கமும் அப்படியே. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டும் வளைந்து ஒன்றாகச் சேர்ந்தன.

"பாப்பா, விரிசல்னா குடிச்சவன் மாதிரி கோணலாத்தானே போவும்? இது ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்குதே?"

ஷாரோன் டேப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தாள். ஒரு விரல்கடைகூட வித்தியாசமில்லை. அவள் புருவம் சுருங்கியது. அதற்குள் முனுசாமி வெளியே ஓடிவிட்டார்.

கோயிலின் பின்பக்கம் மூன்று கல்படிகள் உண்டு. ஏறினால் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். வானதூதர்கள் வந்து உட்காரும் படி என்று அவரே அளந்துவிட்டிருந்தார், உட்கார்ந்திருப்பதென்னவோ ஆடுகள். படிக்கு இரண்டு பக்கமும் சுவரில் ஒவ்வொரு பிறை, சின்ன மாடக்குழி. ஒன்றில், அங்கே துணி துவைக்கிற மேரி சோப்பு வைத்திருந்தாள். காஞ்சிபுரத்தில் எத்தனை கோயில் வாசலில் பார்த்திருக்கிறார் இதை! சோப்பு வைக்கவா பிறை கட்டுவான்? விளக்கு வைக்க! விளக்கு இருந்தால் நடுவில் வாசல் இருக்க வேண்டாமா?

"ஃபாதர்! பாப்பா! ஆட்ட ஓட்டிட்டு இங்க வாங்க!"

சாமியார் சம்மதித்ததும் ஷாரோன் விரிசல் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தினாள். ஒரு பக்கம் சப்பைச் செங்கல், இன்னொரு பக்கம் தடிச் செங்கல். ஒன்றோடொன்று கோத்துக் கட்டாமல் நடுவில் நேர்கோடாக இடைவெளி.

"அங்கிள், இது அடைச்ச வாசல்! ரெண்டும் தனித்தனியா அசையுது, அதான் பூச்சு வெடிக்குது. ஆனா இவ்ளோ பெரிய வாசல ஏன் அடைச்சாங்க?"

"அந்தக் காலத்துல குருவும் ஜனங்களும் கிழக்கே பார்த்துத்தான் ஜெபிப்பாங்க" என்றார் சாமியார். "பீடம் கிழக்கேதான் இருக்கணும்."

முனுசாமி தொடையைத் தட்டினார். "கட்டினவன் நம்ம ஊரு மேஸ்திரியாச்சே ஃபாதர்! அவனுக்குச் சாமிதான் கிழக்கே பாக்கணும். வெள்ளக்காரச் சாமியாரு பிளானக் குடுத்துட்டு எங்கியோ போயிக்கிறாரு. 'பாவம், தெரியாம வரைஞ்சிட்டாரு'ன்னு இவன் வட்டச் செவுத்த மேற்கயும் வாசலக் கிழக்கயும் திருத்திக் கட்டிட்டான். அவரு வந்து பாத்துட்டு வாசல அடைச்சிப் பீடத்த வெச்சி, வட்டச் செவுத்த ஒடச்சி வழி பண்ணிக்கிறாரு!"

ஷாரோன் வியாழக்கிழமை அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தாள். கல் அசையவே இல்லை. சுண்ணாம்பு வைத்து அடைத்தால் போதும், இடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மேரி பிறையிலிருந்த சோப்பை எடுத்துவிட்டு அகல் ஒன்றை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு வேன் வந்தது. முனுசாமி முதன்முறையாக நடந்ததை நடந்தபடி சொன்னார். மருந்துக்கு ஒரு யானை இல்லை. வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் சிரித்தார்.

"கொத்தனார் ஃபாதரோட பிளானையே திருத்தினாரா? ரீல் விடாதீங்க பெரியவரே."

மேரிக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சரி, வாங்க" என்று முனுசாமி அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் படியில் உட்கார வைத்தார். "மொத யானை எங்க நின்னுதுன்னா..."