படியை விட மாட்டோம்

வணக்கம், கண்ணுகளா. எல்லாரும் நலமா? சளி, இருமல் எல்லாம் விட்டதா? மூட்டு வலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். இது மாடிப்படிக் கதை. ஏறப்போவது நீங்கள் இல்லை, பயப்படாதீர்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடம் கொடுத்து, ஆலோசனை சொல்லி, முதலீட்டாளர்களிடம் கூட்டிப் போகும் ஒரு மையம். மூன்றாம் மாடியில் கண்ணாடிச் சுவர்கள், சக்கரம் வைத்த மேசைகள், உட்கார்ந்தால் எழ முடியாத பஞ்சு மூட்டை நாற்காலிகள். வாரத்தில் இரண்டு மதியம் அங்கே வந்து ஸ்டார்ட்அப்காரர்களுக்கு வழி சொல்வாள் ஒருத்தி. அவளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. பார்சல் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று பிரித்துவிடும் வேலை. அதற்கு முன் சொந்தமாக ஒரு கம்பெனி வைத்து, இழுத்து மூடியவள். யார் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பாள். பதில் சொன்னால் மறுபடி "அப்புறம்?" சொல்ல ஒன்றும் இல்லாமல் ஆள் முழிக்கும்வரை விட மாட்டாள். அதனால் மையத்தில் அவளுக்குப் பெயரே அப்புறம் மேடம்.

அவள் அம்மாவுக்கு இந்த ஊழியம் துளிகூடப் பிடிக்கவில்லை.

"சம்பளம் உண்டா? இல்ல. பஸ் காசாவது தராங்களா? அதுவும் இல்ல. உன் கடையையே உன்னால நடத்த முடியல, ஊருக்குக் கடை போட்டுக் குடுக்கப் போறியாக்கும்!"

"மூடினதாலதாம்மா எங்க ஓட்டை விழும்னு எனக்குத் தெரியும்."

"ஓட்டையப் பாக்கவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?"

பதில் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவாள். அம்மாவின் வாய்க்கு நின்று பதில் சொன்னால் அன்றைக்குப் பஸ் போய்விடும்.

இந்த முறை அவளிடம் வந்த இரண்டு பேரும் அவளைவிட இருபது வயது பெரியவர்கள். ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெல்லப் பேசத் தெரியாத மனிதர். ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். சைரன் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இன்னொருவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. வீடு மாறுகிறவர்களுக்குப் பீரோவும் கட்டிலும் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியவர்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனவரை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இவர்கள் தொழில். வாசலோடு விட்டுவிட்டு வர மாட்டார்கள். லிஃப்ட் இல்லாத மாடி என்றால், சைரன் தானே வெல்டிங் வைத்துச் செய்த கைப்பிடி நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிப் படியேறுவார்கள். கட்டிலில் படுக்கவைத்து, தலையணையைச் சரி செய்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

"மாடிக்கு என்ன வாங்குறீங்க அண்ணே?" என்று கேட்டாள் அப்புறம் மேடம்.

"மாடிக்கா? மாடிக்கு எதுக்கு?"

"அப்புறம்?"

"என்னம்மா அப்புறம்? வண்டிக்கு வாடகை வாங்குறோம்ல? மனுஷனத் தூக்குறதுக்கும் காசு கேட்டா நாக்கு அழுகிப் போயிடும்."

"என் இடுப்பு கேக்குது மாமா" என்றார் மச்சான்.

"உன் இடுப்ப யாரு கேட்டா? சும்மா இரு."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருவரைப் படியேற்றி இறங்கும் நேரத்தில் வண்டி இன்னும் இரண்டு வீட்டுக்குப் போய் வந்துவிடும். பார்சல் கம்பெனி மூளை அல்லவா? "படிய விட்டுடுங்கண்ணே. வாசலோட நிறுத்துங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

சைரன் எழுந்த வேகத்தில் சக்கர மேசை சுவரில் போய் முட்டியது.

"அப்ப நான் எதுக்கு? டாக்ஸி போதுமே! நீ பார்சல் அனுப்புறவம்மா, வாசல்ல வெச்சிட்டு மணி அடிச்சிட்டு ஓடிடுவ. நான் கொண்டு போறது பார்சல் இல்ல!"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கேட்க மனமில்லாதவர் எதற்காக யோசனைக்கு வர வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள்.

அடுத்த முறை அவள் மையத்தின் கீழ்வாசலுக்கு வந்தபோது இருவரும் நாற்காலியோடு நின்றிருந்தார்கள்.

"உக்காரும்மா."

"அண்ணே, லிஃப்ட் இருக்கு."

"இல்லன்னு நெனச்சுக்கோ. ஒரு கால் உடைஞ்சிருக்குன்னும் நெனச்சுக்கோ."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். பெல்ட் இறுகியது. முதல் திருப்பத்தில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்ததும் இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி வந்த இரண்டு பேர் சுவரோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தைவிட, அந்தப் பார்வைதான் அவளை அதிகம் கூசவைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சைரன் பேச ஆரம்பித்தார். "கேளும்மா கூத்த. இவன் ஒருதடவ ஒரு பீரோவ நாலாம் மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போனான். என்னடா இது, தூக்கத் தூக்கக் கனக்குதுன்னு புலம்பல். தொறந்து பாத்தா, உள்ள அந்த வீட்டுப் பூனை! குட்டி போட்டுப் படுத்திருக்கு!"

"மூணு குட்டி" என்றார் மச்சான், மூச்சு வாங்க.

"அதுல ஒண்ணு இன்னைக்கும் இவன் வீட்டுலதான் இருக்கு. இவனவிட நல்லா சாப்பிடுது."

அவள் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களை எந்தப் படியில் மறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கும்மா, வீடு வந்தாச்சு."

"இருங்கண்ணே. டிஸ்சார்ஜ் எழுதியும் மாடி ஏற வழியில்லாம கட்டில விடாம ஆஸ்பத்திரியில படுத்திருக்கவங்க உண்டா?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? வார்டுக்கு வார்டு உண்டு. அடுத்த நோயாளி வராந்தாவுல காத்துக் கெடப்பான்."

"அப்ப மாடிக்கு நோயாளி ஏன் குடுக்கணும்? ஆஸ்பத்திரி குடுக்கட்டும். அவங்களுக்குத்தானே கட்டில் காலியாகுது? ஒவ்வொரு மாடிக்கும் ஒரு விலை வைங்க. நான் படிய விடச் சொன்னது தப்புண்ணே. நீங்க ஓசியில ஏத்துறதும் தப்பு."

சைரன் தாடையைத் தடவிக்கொண்டார். "ஆஸ்பத்திரிகிட்ட வாங்கினா நாக்கு அழுகாது" என்றார் கடைசியில்.

அவள் போட்டுக் கொடுத்த விலையில் சில வாரங்கள் பார்க்கலாம் என்று ஒரு ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தார் முதலீட்டாளர். சிரித்த முகம், மெல்லிய பேச்சு. ஐந்து ஊரில் வண்டிகள் விடலாம், செயலி செய்யலாம், விளம்பரம் போடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: படி வேண்டாம், வாசலோடு நிறுத்த வேண்டும்.

மையத்தின் இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா சைரன் கேப்பார். மையத்துக்கு இந்த வருஷம் ஒரு நல்ல செய்தி வேணும் மேடம்."

"கேக்கலன்னா?"

"அவங்களுக்குக் குடுத்த அறைக்கு வேற ஆள் காத்திருக்காங்க. உங்களப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்."

அவள் வெளியே வந்தபோது சைரன் மச்சானோடு வராந்தாவில் நின்றிருந்தார். அவர் குரல் தணிந்து அன்றுதான் கேட்டாள்.

"அஞ்சு ஊரும்மா. என் வீட்டுக்காரி வேண்டிக் கேக்குறா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பிடிவாதம்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொல்லு, கண்ண மூடிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறையும் தங்கும், அவள் இடமும் தங்கும், இயக்குநருக்கும் மனம் குளிரும். நாக்கு நுனிவரை வந்தது.

"கையெழுத்துப் போடுறீங்க" என்றாள். "அப்புறம்?"

"வண்டி வாங்குவாங்க."

"அப்புறம்?"

"ஆள ஏத்திட்டு வந்து வாசல்ல இறக்குவோம்."

"அப்புறம்?"

சைரன் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு வாசல்ல நின்னு மாடிய அண்ணாந்து பாப்பாரு" என்றார் மச்சான். "நாம வண்டியத் திருப்பிட்டு இருப்போம்."

அதற்குப் பிறகு முதலீட்டாளரோடு நடந்த கூட்டத்தில் சைரனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "படிய விட மாட்டோம்" என்றார். கண்ணாடி அதிர்ந்தது. முதலீட்டாளர் அதே சிரிப்போடு அவள் பக்கம் திரும்பினார்.

"இவர் உணர்ச்சிவசப்படுறார். மேடம், நீங்க விவரமானவங்க. படி நஷ்டம்தானே?"

"நஷ்டம்னு முதல்ல சொன்னவளே நான்தான் சார். தப்பாச் சொன்னேன். படிய எடுத்துட்டா இது வெறும் வாடகை வண்டி. அதுக்கு உங்களுக்கு இவர் வேண்டாம். இவருக்கும் நீங்க வேண்டாம்."

"இது உங்க கருத்தா, மையத்தோட கருத்தா?" என்று குறுக்கிட்டார் இயக்குநர்.

"என்னோடதுதான் சார். தைரியமா என் பேர்லயே எழுதிக்கோங்க."

அடுத்த வாரம் அவள் நுழைவு அட்டையைக் காட்டியும் மூன்றாம் மாடிக் கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது. அறையிலிருந்த சைரனின் சாமான்கள் வெளியே ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. வீட்டுக்குப் போனால் அம்மா என்ன சொல்வாள் என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக் கேன்டீனுக்குப் போனாள். சன்னல் ஓரம் ஒரு மேசையைப் பிடித்து, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சைரன் உள்ளே வரும்போதே சத்தம் முன்னால் வந்தது.

"ஆஸ்பத்திரியில பேசிட்டேன்! நீ சொன்ன விலைய நான் சொல்லல!"

"ஐயோ, கெடுத்தீங்களா? கொறச்சுட்டீங்களா?"

"ஏத்திட்டேன்! மூணாம் மாடிக்கு மேலன்னா இன்னும் கொஞ்சம் கூடன்னேன். சரின்னுட்டாங்க, நிரந்தரமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா வேண்டாம்ப. எதுக்குக் கேக்கணும்?"

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொண்டைக்குள் சர்க்கரை கரைந்ததுபோல் ஒரு தித்திப்பு. தான் சொன்னதை மீறி ஒருவர் ஜெயித்துவிட்டு, அதைத் தன்னிடமே வந்து கத்துகிறார்! எந்தச் சம்பளக் கவரில் இதைப் போட்டுக் கொடுக்க முடியும்?

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து சோப்பு செய்யும் தம்பதி தயங்கித் தயங்கி இறங்கி வந்தார்கள். "மேடம், எங்களுக்கும் நேரம் இருக்கா?" என்றார் மனைவி. பின்னாலேயே பழைய பேட்டரிகளைப் புதுப்பிக்கிறவர், கையில் பேட்டரியோடு. மச்சான் பக்கத்து மேசையைத் தூக்கி இந்த மேசையோடு சேர்த்துப் போட்டார். காபிக்கு வந்த இயக்குநர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்க என்ன நடக்குது?"

"டீ குடிக்கிறோம் சார்."

"மையத்துல இருக்கவங்கள இப்படிக் கூட்டி வெச்சுப் பேசக் கூடாது."

"கேன்டீன் தெருவுக்கே பொது சார். டீ காச நானே குடுக்கிறேன்" என்றாள் அவள். இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு சோப்புக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "ம், நீங்க சொல்லுங்க. முதல் சோப்ப யாருக்கு வித்தீங்க?"

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. நீங்களும் யாருக்காவது யோசனை சொல்லியிருப்பீர்கள். அவர்கள் அதைக் கேட்காமல் போய் நன்றாக வந்ததும் உண்டுதானே? அப்போது உங்களுக்குக் கோபம் வந்ததா, இனித்ததா? கூச்சப்படாமல் எழுதுங்கள். கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன்.