மோட்டாரிடம் பேசும் துண்டு

எங்கள் பாளையங்கோட்டைக் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் திறமையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவது வழக்கம். மேல்வீட்டுத் தியாகேசனின் பாட்டுத் திறமை, சரிகைக் கரையிட்ட அங்கவஸ்திரம். அது காற்றில் அசைந்தால் தெருவே அண்ணாந்து பார்க்கும். என்னுடையது முரட்டுத் துண்டு. தண்ணீர் மோட்டாரிடம் பேசி அதை ஓடச் செய்வது என் திறமை. ஒன்பது ஆண்டுகள் இரண்டையும் அருகருகே பார்த்துப் புழுங்கிய நான், சென்ற வெள்ளியன்று அவருடையதைப் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டேன். மிஞ்சியதைத் தியாகேசன் போர்த்திக்கொண்டார். கொடியில் கிடப்பதைக் கேள்வி கேட்பது எங்களிடம் மரியாதையன்று. அடுத்த துவைப்புக்குள் திருப்பித் தராவிட்டால், திறமை போர்த்தியவருக்கே உரியதாகிவிடும்.

ஞாயிறன்று படிக்கட்டில் நின்று பாடினேன். மிக நன்றாகவே பாடினேன். கீழ்வீட்டுச் செண்பகவல்லி அம்மாள் கதவைத் திறந்து, "அப்படியே தியாகேசன் தம்பி பாடுன மாதிரியே இருக்கு, அண்ணாச்சி" என்றார். இன்னும் நான்கு பாட்டுப் பாடினேன். நான்குக்கும் அதையே சொன்னார்.

திங்கள் முதல் மோட்டார் ஓடவில்லை. தியாகேசன் என் துண்டோடு அதனருகே அமர்ந்து முறையாகப் பேசினார். மோட்டார் மறுமொழி கூறிற்று, ஓடத்தான் இல்லை. வியாழன் காலையில் அம்மாள் காலிக் குடத்துடன் என் வாசலில் நின்றார்.

"நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு. நாப்பது பேரு வாராவ. பாட்டுலயா கை கழுவுவாவ?"

மோட்டார் அறைக்குச் சென்றேன். தியாகேசன் களைத்திருந்தார்.

"நாலு நாளா உங்களத்தான் கேக்குது, அண்ணாச்சி. அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்குங்குது. எனக்கு என்ன தெரியும்?"

நான் அதன் பேரிங்கையும் அது என் முழங்காலையும் தினந்தோறும் விசாரித்து வந்தது உண்மைதான். அதை நான் திறமையில் சேர்த்து எண்ணியதில்லை.

அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடுத்தேன்.

"சரிகை கழுத்துல உறுத்தியிருக்குமே" என்றார் தியாகேசன்.

"உறுத்தத்தான் செஞ்சுது."

"எனக்குப் பழகிப்போச்சு" என்று அவர் துண்டைத் தந்தார். என் தோளின் சரிவு அதற்கு நினைவிருந்தது.

"வலி தேவலை. உனக்கு?" என்று கேட்டேன். மோட்டார் ஓடத் தொடங்கியது.

தியாகேசன் ஆறு நாள் போர்த்தியதில் துண்டில் சிறிது பாட்டு ஒட்டியிருந்தது. எனவே குழாய்களில் தண்ணீர் கல்யாணி ராகத்தில் வந்தது. செண்பகவல்லி அம்மாள் இரண்டு குடம் பிடித்தார். மூன்றாவது குடம் பாயசத்துக்கு என்பதால், ஆனந்தபைரவி வரும்வரை காத்திருந்து பிடித்துச் சென்றார்.