நசீம் அக்கா சாப்பிடாத குழம்பு

என் கோழிக் குழம்பைப் பற்றி நசீம் பானு அக்கா சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு பத்தாது. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குழம்பில் ஒரு சொட்டைக்கூட அவர் நாக்கில் வைத்ததில்லை. சொன்னதெல்லாம் மூக்கை வைத்துத்தான்.

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்குச் சந்து. இரண்டு அடுப்படி ஜன்னலும் எதிரெதிரே. காலையில் நான் பால் காய்ச்சும்போது அந்தப் பக்கம் டீ கொதிக்கும். "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்போம். கீரைக் கடைசலில் பூண்டை வதக்கிப் போடுவதா பச்சையாகப் போடுவதா, கொள்ளுப் பயறை வறுத்து வேகவைப்பதா ஊறவைத்து வேகவைப்பதா, இட்லி மாவுக்கு வெந்தயம் வேண்டுமா வேண்டாமா, எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. ஒத்துப்போயிருந்தால் ஒரே மாதத்தில் பேச்சு தீர்ந்திருக்கும்.

கோழி என்று வந்துவிட்டால் சண்டையேதான்.

"தோலோட மஞ்சத் தடவி நெருப்புல வாட்டுனாத்தானுங்க்கா அது கோழி," என்பேன் நான்.

"தோலுல என்ன இருக்குது சுகுணா, கொழுப்பு. கொழம்பு மேல மெதக்கும். அள்ளிக் கொட்டறதுக்கு மொதல்லயே உரிச்சுப் போட்டா என்ன?" என்பார் அவர்.

"நீங்க மட்டும் தயிரு போடறீங்க. கோழிக்கென்ன காய்ச்சலா வந்திருக்குது?"

"போட்டுப் பாத்துட்டுப் பேசு."

வாய்ச் சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். அக்கா கைக் கோழியைப் போல நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. கடையில் வாங்கிய பிராய்லர்தான். வெங்காயத்தை அரை மணி நேரம் சிறுதீயில் வைத்துக் கிளறுவார், அவசரமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்து வழியாக ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் மாது, அந்தக் கிண்ணத்தைக் கண்டதும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இருபது வருடமாக நான் பொங்கிப் போடுகிறேன், என் பாத்திரத்தை ஒருநாள் இப்படி இழுத்தவரில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கும். அப்படியும் ஞாயிறு வந்தால் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவின் மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் மல்லியை வாணலியில் போட்டுவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். "சுகுணா! மல்லி கருகப் போவுது, எறக்கு!" என்று சந்தைத் தாண்டிக் குரல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், இன்னும் கால் நிமிடம் போயிருந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். இன்னொரு நாள், "மொளகு ஜாஸ்தி போட்டிருக்கறயே, உங்க வூட்டுக்காரருக்குச் சளியா?" என்று கேட்டார். சளிதான். இப்படி ஒரு மூக்கை ஆண்டவன் எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

என் கீரையும் கொள்ளும் ராகிக் களியும் அவர் வீட்டுக்குப் போகும், பாத்திரம் காலியாகத் திரும்பும். கோழி மட்டும் போகாது. எங்கள் வீட்டில் மாது சேவலின் கழுத்தைத் திருகிவிடுவார். தங்கள் முறைப்படி அறுக்காததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பாய் கடையில் பிராய்லர் வாங்கிச் சமைத்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்திருக்கலாம்தான். எனக்குத் திமிர். பிராய்லரில் வைத்த குழம்பை வைத்து என்னை எடை போடுவதா? கொடுத்தால் நான் வளர்த்த சேவலில் வைத்துத்தான் கொடுப்பேன் என்று இருந்தேன். எங்கே போய்விடப் போகிறார்கள், ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வருடங்களை ஓட்டிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஜன்னலில் டீ டம்ளரோடு நின்றபடி அக்கா தன் மகனைப் பற்றிச் சொன்னார்: "நதீமுக்கு ஓசூர்ல கம்பெனி வேல நெரந்தரமாயிடுச்சு. வூடு பாத்துட்டான். எங்களையும் கூப்புடறான். வர ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு லாரி வருது."

நான் கத்தினேன். முன்னாடியே சொல்ல என்ன கேடு, பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்கு ஆறு நாள் நோட்டீசா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போவதற்குள் அக்கா என் கோழிக் குழம்பை வாயில் வைத்து, எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அக்காவின் கணவர் அப்துல் சுபான் பாய் எங்கள் கொல்லைக்கு வந்து, நான் ஒன்றரை வருடம் வளர்த்த செவலைச் சேவலை முறைப்படி அறுத்துக் கொடுத்தார். குண்டா புதுசு, கத்தி புதுசு, கரண்டி புதுசு.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ வாங்கல," என்றார் மாது.

"நம்ம கல்யாணத்துல நீங்க என்ன, சாப்புட்டுட்டுக் கருத்தா சொன்னீங்க? போய் வெறகெடுத்துப் போடுங்க," என்றேன்.

அக்காவுக்காகத் தோலையும் உரித்தேன். உரிக்கும்போது மனசு ஆறவில்லை, இருந்தாலும் உரித்தேன். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், கசகசா எல்லாம் வறுத்து, தேங்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்தேன். எப்போதும் போல ஒரு பங்கு கூடவே அரைத்து, மிச்சத்தை டப்பாவில் போட்டு அடுக்கில் வைத்தேன். சேவல் இரண்டு மணி நேரம் வெந்தது. எதிர் ஜன்னலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்குக் குழம்பை இறக்கினேன். வீட்டில் வளர்த்த சேவலை அடித்தால் அதை முதலில் முனியப்பனுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். அடுப்படி மூலையில் அவர் படம் இருக்கிறது. இருபது வருடமாகச் செய்த கை. அது பாட்டுக்குக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் வைத்தது, இலையில் களியை வைத்து ஒரு கரண்டி குழம்பை ஊற்றியது, தண்ணீர் சுற்றியது, சூடத்தைப் பற்ற வைத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சாமிக்குப் படைத்ததை அக்கா வீட்டில் தொட மாட்டார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாது வந்து பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது.

"இலைய எடுத்துடு. குண்டாவ இந்தப் பக்கம் வெய்யி. யாரு பாத்தாங்க?" என்றார். "கொழம்புல என்ன மாறிப் போச்சு? அதே கோழி, அதே உப்பு. நீ சொல்லாத வரைக்கும் அவங்களுக்கு ஒன்னுந் தெரியாது. ஒன்றரை வருசம் வளத்துட்டு இப்ப வுட்டா அப்பறம் எப்ப?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு நிமிடம் முழுசாக அப்படித்தான் நினைத்தேன். இலையை எடுத்துக் கொல்லையில் வைத்தேன், குண்டாவை அடுப்பு மேடைக்கு மாற்றினேன். அப்போது அக்கா வாசலில் வந்து நின்றார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது.

"பொட்டி கட்டுன தூசியில மூக்கே அடச்சுக்கிச்சு சுகுணா. ஒரு வாசனையும் தெரியல," என்றார். "காலையிலருந்து டீயத் தவுர ஒன்னும் தொடல. உன் கொழம்புக்குன்னு வயித்தக் காலியா வெச்சிருக்கறேன்."

சூடத்தின் வாசனை அடுப்படி முழுக்க இருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். எதில் வைத்தாய், எப்படி வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டுக்குக் கை நீட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கை எழவில்லை.

"அக்கா, சாப்புடாதீங்க. முனியப்பனுக்குப் படைச்சுட்டேன். வேணும்னு செய்யல, கை பழக்கத்துல போயிடுச்சு."

அக்கா நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். "இலையில போட்டத மட்டுமா?"

"குண்டாவோட வெச்சுட்டேனுங்க்கா."

"அப்ப நாங்க சாப்புடக் கூடாது," என்றார். குரலில் கோபம் இல்லை, பசி இருந்தது.

எனக்குத்தான் கோபம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். குண்டாவைத் திட்டினேன், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு மாதுவைத் திட்டினேன்.

"கத்தாத," என்றார் அக்கா. "இருபது வருசமா கும்புட்ட கை. இன்னிக்கு ஒரு நாளைக்கு நில்லுன்னா நிக்குமா? உக்காரு." பிறகு சுற்றிலும் பார்த்தார். "மசாலா மிச்சம் வெச்சிருப்பியே, இருக்குதா?"

"டப்பாவுல இருக்குதுங்க்கா."

"அத முனியப்பனுக்குக் காட்டுனியா?"

"இல்லீங்க்கா, அடுக்கு மேலயேதான் இருக்குது."

"அப்ப எடுத்துட்டு வா. எங்க வூட்டு அடுப்ப இன்னும் கழட்டல," என்று எழுந்துவிட்டார். தன் வீட்டு ஜன்னலைப் பார்த்து, "ஏங்க, ஸ்கூட்டர எடுங்க, பஜார்ல ஒரு கிலோ கோழி வாங்கியாங்க," என்று குரல் கொடுத்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். எடுத்த எடுப்பில் அடுத்த வேலைக்குப் போய்விடுகிற இந்தக் குணத்துக்குத்தான் அவரை எனக்கு அத்தனை பிடிக்கும்.

அக்காவின் அடுப்படி காலியாகக் கிடந்தது. அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒரு அடுப்பு, ஒரு குண்டா, ஒரு கரண்டி, பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய், காலையில் வடித்த சோறு, அவ்வளவுதான். அங்கே நின்று பார்த்தால் என் ஜன்னல் வழியாக என் அடுப்பு முழுசாகத் தெரிந்தது. நான் கரண்டியைத் தூக்கிப் போட்டது, பாலைப் பொங்க விட்டது எல்லாவற்றையும் இந்த மனுஷி பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாய் கோழியோடு வந்தபோது மணி ஒன்றே முக்கால். பிராய்லர், தோல் உரித்தது, நின்று நிதானமாக வதக்க நேரமும் இல்லை. எதெல்லாம் கூடாது என்று நான் ஜன்னலில் நின்று வாதாடினேனோ அதெல்லாம் அந்தக் குண்டாவில் இருந்தது. மசாலாவை எண்ணெயில் போட்டதும் எழுந்த நெடியில் அக்கா ஏழெட்டுத் தும்மல் தும்மினார்.

"தொறந்துக்கிச்சு!" என்றார் மூக்கைத் துடைத்தபடி. உடனே ஆரம்பித்துவிட்டார். "தண்ணி ஊத்தாத, கோழியே வுடும்."

"எனக்குத் தெரியுமுங்க்கா."

"தீயக் கொற."

"லாரி வந்துரும், நானெங்க தீயக் கொறைக்கறது?"

இரண்டரைக்கு இறக்கினேன். தட்டெல்லாம் மூட்டையில் இருந்ததால் குண்டா மூடியைத் திருப்பி அதில் சோறு போட்டு, குழம்பை ஊற்றினேன். அக்கா பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் வைத்தார். நான் எதிரே நின்று அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார், விழுங்கினார். இரண்டாவது வாய் எடுத்தார். மூன்றாவது எடுத்தார். வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எப்படியிருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க்கா," என்றேன். "வாயில வெக்காமயே அத்தன சொன்னீங்களே, இப்ப என்ன?"

அக்கா நாலாவது வாய் எடுத்தார். மூடியில் இருந்ததை முடித்தார். மிச்சச் சோற்றைக் குண்டாவிலேயே கொட்டி, அடியில் ஒட்டியிருந்த மசாலாவை வழித்துப் பிசைந்தார். பாய் உள்ளே எட்டிப் பார்த்து, "லாரிக்காரர் அவசரப்படறாருமா," என்றார்.

"நிக்கச் சொல்லுங்க. நான் சாப்புட்டுட்டிருக்கறேன்," என்றார் அக்கா.

பிசைந்ததில் ஒரு உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன். போட்டதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரத்தில் தனியாக உப்பே போடவில்லை, மசாலாவோடு அரைத்திருந்த உப்பு அரைவாசிக்குக்கூட காணவில்லை.

"உப்பு கம்மிங்க்கா!"

"ஆமா, கம்மிதான்," என்றார் அக்கா.

"மொத வாயிலயே தெரிஞ்சிருக்குமே. சொல்றதுக்கென்ன?"

"உப்பு மூட்டைக்குள்ள போயிடுச்சு. சொன்னா நீ எடுத்துட்டு வரேன்னு உங்க வூட்டுக்கு ஓடுவ," என்றார். "இருக்கற கால் மணி நேரத்துல நீ ஓடறதையா பாத்துட்டிருக்கச் சொல்ற?"

குண்டாவை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தார். தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அந்த உப்பில்லாத சோற்றில் நானும் கை வைத்தேன்.