புட்டியில் இருந்த சூரியன்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை. அன்று மாலை, சிவகாசிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓர் அலங்காரப் பொருள் கடையில் ஆமத்தூர்ப் பொன்மணி தன் தலைமுடிக்கென்று வாங்கிய புட்டியின்மேல் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. இந்தக் கதையின் முறையீடு இதுதான். பெயர், பயன், பூசும் முறை, பூச வேண்டிய வேளை, எச்சரிக்கை ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த தடம்போல் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் செய்யப்பட்டு, தமிழ்நாட்டில் விற்கப்பட்டு, தமிழ்ப் பெண் ஒருத்தியின் தலையில் பூசப்படவிருந்த பொருள் அது. அதில் அவளால் படிக்க முடிந்தது ஒரு சூரியன் படம் மட்டுமே.

பொன்மணி நாரணாபுரத்தில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை பார்ப்பவள். காலையில் கம்பெனி வேன் ஆமத்தூருக்குச் சாலை பிரியும் விலக்கில் வந்து நிற்கும். மாலையில் அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். தலையைப் பருத்தித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் மருந்து அறைக்குள் நுழைய வேண்டும். ஊசி, கிளிப் போன்ற இரும்புத் துண்டு எதுவும் தலையில் இருத்தல் ஆகாது. எண்ணெய் வைத்த தலைக்கும் அங்கே அனுமதி இல்லை. எண்ணெயில் மருந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அலுமினியப் பொடி துணியின் இடுக்கு வழியே எப்படியோ புகுந்துவிடும். வீடு திரும்பியதும் துணி துவைக்கும் சோப்பால் தலையைத் தேய்த்துக் கழுவினால்தான் அது போகும். விடிந்தால் வேன் வந்துவிடும் என்பதால், காய்ந்தும் காயாத முடியை அப்படியே முறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவாள். எண்ணெயைக் காணாத முடி, நாள்தோறும் சோப்பைக் கண்ட முடி, ஈரத்தோடு முறுக்கப்பட்ட முடி, நடுவிலேயே முறியத் தொடங்கியது.

முடி உதிர்ந்தால் இன்னொன்று முளைக்கும் என்று அவள் ஆறுதல் அடைந்திருக்கலாம். அதற்கு வழியில்லாதபடி அந்த முடி இன்னொருவருக்கு உரியதாகிவிட்டிருந்தது.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு வெடிவிபத்தில் அவள் கணவன் முனியராஜின் வலக்கை தோள்வரை வெந்துபோயிற்று. ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த பொன்மணி, அந்தக் கையால் அவன் சோறு பிசைந்து உண்டால் இடுப்பைத் தொடும் தன் முடியை அப்படியே இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அவன் பிசைந்து உண்டான். ஆடியில் நிறைவேற்ற வேண்டிய நேர்ச்சை, அவனுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை இன்னொரு முறை செய்ய வேண்டியிருந்ததால் தைக் கடைசி வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை இடுப்பளவு முடி இருக்க வேண்டும். ஐப்பசியிலேயே அது இடுப்புக்கு மேலே ஏறப் பார்த்தது.

முனியராஜின் அக்காளும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவளுமான சண்முகத்தாய் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சீப்பில் சிக்கிய முடியைப் பொன்மணி காகிதத்தில் சுருட்டி வைப்பதைப் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏட்டி, ஆத்தாளுக்குத் தவணையில குடுக்கப் போறியா? அவ என்ன அளவு நாடா வச்சுக்கிட்டா நிக்கா?"

"அவ அளக்க மாட்டா மதினி. நான்தான் அளந்து சொல்லிட்டேன்."

சண்முகத்தாய் அதற்கு மேல் கேலி பேசவில்லை. முடியில் பூசிக் கழுவாமல் விட்டுவிடும் கிரீம் இப்போது வந்திருக்கிறது, அது முடியை மெதுவாக்கி முறியாமல் வைக்கிறது, தன் தெருவில் ஒருத்தி நாள்தோறும் பூசுகிறாள் என்றெல்லாம் சொல்லி, அடுத்த நாளே அவளைச் சிவகாசிக்கு அழைத்துச் சென்றாள்.

கடை முதலாளி மகேஷ்குமார், வாடிக்கையாளரை அமரவைத்துப் பேசும் பழக்கம் உடையவர். மூன்று வகைகளை எடுத்து முன்னால் வைத்தார். முதலாவது, மேலே அழுத்தினால் புகையாகத் தெளிக்கும் புட்டி. அதைத் தெளித்துக் காட்டியதும் பொன்மணி பின்வாங்கினாள். ஸ்பிரிட் வாடை அடித்தது. அந்த வாடையோடு மருந்து அறை வாசலில் நின்றால் போர்மேன் என்ன சொல்வார் என்பதை அவர்கள் இருவரும் அறிவார்கள். இரண்டாவது, பால்போல் நீர்த்திருந்தது. கையில் ஊற்றிய உடனே காணாமல் போயிற்று. தண்ணீரைக் கலந்து விற்கிறார்கள் என்று சண்முகத்தாய் காதோடு சொன்னாள். மூன்றாவது, வெண்ணெய்போல் கெட்டியாக இருந்தது. விரலில் எடுத்தால் நின்றது. முடியில் தடவினால் பளபளத்தது. புட்டியில் மஞ்சள் சூரியன் ஒன்று கதிர்களோடு சிரித்தது.

எண்ணெய்ப் பிசுக்கே இருக்காது என்று மகேஷ்குமார் உறுதி கூறினார். அவர் பொய் கூறவில்லை. அவரிடம் புட்டிகளைக் கொண்டுவந்து போடும் ஆள் அவ்வாறு கூறியிருந்தான். அவன் கூறியதை அவர் கூறினார். பின்பக்கத்தில் எழுதியிருந்ததை அவன் படித்ததில்லை, இவரும் படித்ததில்லை.

எந்த நேரத்தில் பூச வேண்டும் என்று பொன்மணி அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. முனியராஜ் மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளின் காகித உறைகளில் மருந்து கொடுக்கும் இடத்தில் பேனாவால் படம் வரைந்து தருவார்கள். சூரியன் வரைந்திருந்தால் காலையில். பிறை வரைந்திருந்தால் இரவில். அந்தப் படங்களை நம்பி, ஒரு வேளையும் பிசகாமல் மாத்திரை கொடுத்து அவள் தன் கணவனை எழுப்பி உட்காரவைத்திருக்கிறாள். ஆகவே, புட்டியில் சூரியனைக் கண்டதும் காலை என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல், வேனுக்குக் கிளம்புமுன் கிரீமை முடி முழுவதும் பூசி, வாரி, துணி கட்டிக்கொண்டு சென்றாள். முதல் சில நாட்கள் முடி மெதுவாக இருப்பதுபோல் இருந்தது. பிறகு மாலையில் துணியை அவிழ்க்கும்போது முடி சாம்பல் நிறத்தில் விறைத்து நின்றது. முன்பு ஒரு முறை சோப்புப் போட்டால் போகும் பொடி, இப்போது மீண்டும் மீண்டும் போட்டாலும் போகவில்லை. அவள் மேலும் அழுத்தித் தேய்த்தாள். முடி மேலும் முறிந்தது. முறிகிறதே என்று காலையில் கிரீமை இன்னும் கூடுதலாகப் பூசினாள்.

மார்கழி பிறந்த பின் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்களைப் போர்மேன் சங்கிலிமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மணி துணியைச் சற்றே தளர்த்தினாள். காதுக்கு மேலே வெயில் பட்டு முடி வெள்ளியாக மின்னிற்று. அவர் அவளைத் தனியே அழைத்தார்.

"எண்ணெய் வச்சிருக்கியாம்மா?"

"எண்ணெய் இல்லண்ணே. கிரீமு."

"பேரு என்னவா இருந்தா என்ன, மருந்து ஒட்டியிருக்குல்ல? இந்தத் தலையோட வீட்டுக்குப் போயி அடுப்புக்கு முன்னால உக்காந்தா என்னாகும்? உனக்கு நான் சொல்லணுமா?"

அவளுக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. அன்றே அவளை மருந்து அறையிலிருந்து எடுத்துப் பெட்டி ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றினார். தலை சுத்தமாகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று கூறிவிட்டார். மாலையில் அடுப்பை முனியராஜ்தான் பற்றவைத்தான். அவள் கிணற்றடியில் அமர்ந்து, பொடி போகும்வரை தலையைக் கழுவினாள். கழுவி முடித்துப் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தபோது அதன் நுனி இடுப்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இனி ஒரு விரலளவு முறிந்தாலும் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

முனியராஜ் விபத்துக்குப் பின் பட்டாசுப் பக்கம் செல்வதில்லை. சிவகாசியில் லட்சுமிகாந்தம் என்பவரின் ஆப்செட் அச்சகத்தில் தாள்களை வெட்டி அடுக்கும் பகுதியில் இருந்தான். அந்த வாரத்தில் அவன் முன்னால் வந்து இறங்கிய தாள்களில் வரிசை வரிசையாக மஞ்சள் சூரியன் சிரித்தது. வீட்டில் இருக்கும் அதே சூரியன். அதே புட்டியின் லேபிள். அடுத்த லோடுக்கு அடிக்கப்பட்டது. அவன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் சென்று, காலையில் பூச வேண்டிய கிரீமைக் காலையில் பூசியும் முடி ஏன் முறிகிறது என்று கேட்டான்.

லட்சுமிகாந்தம் கண்ணாடியை மாட்டினார்.

"காலைலன்னு எவன்லே சொன்னான்? வெயில்ல முடி கருகாதுன்னு காட்டுற படம்லே இது."

"ஆஸ்பத்திரிக் கவர்ல சூரியன் போட்டா காலைலதான முதலாளி?"

சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவன் வலக்கையை அவர் நாள்தோறும் பார்ப்பவர். பிறகு, தாளை வெளிச்சத்தில் பிடித்து வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னார். தலை கழுவிய பின், முடி ஈரமாக இருக்கும்போது பூச வேண்டும். நெல்லிக்காய் அளவுக்கு மேல் எடுத்தல் கூடாது. வேரில் படாமல், முடியின் பாதியிலிருந்து நுனிவரை பூசினால் போதும். நன்றாகக் காயும்வரை கட்டக் கூடாது. தூசி மிகுந்த இடத்தில் வேலை செய்வோர் இதைத் தவிர்த்து, இலேசான வகையைப் பூசுவது நல்லது. கடைசி வரியை மட்டும் அவர் இரண்டு முறை படித்தார்.

இதைத் தமிழில் போட்டிருக்கலாமே என்று முனியராஜ் கேட்டான்.

"ஆர்டர் குடுக்கிறவன் கேக்கல. கேக்காததை நான் எப்படி அடிக்க?" என்றவர், தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இடம் இருக்கத்தான் செய்யுது" என்றார்.

உண்மையில் இடம் இருந்தது. சூரியனுக்குக் கீழே நான்கு வரி எழுதும் அளவுக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். அழகுக்காம்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மணியும் சண்முகத்தாயும் மீண்டும் கடைக்குச் சென்றார்கள். மகேஷ்குமார் வரவேற்று, கிரீம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பொன்மணி துணியை விலக்கிக் காட்டினாள். அவர் முகம் மாறிற்று. பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார்.

"பணம் கெடக்கட்டும் அண்ணாச்சி. பின்னால எழுதியிருக்கிறத முழுசா வாசிச்சுச் சொல்லுங்க. எல்லாப் புட்டியும்."

கடையில் கூட்டம் இருந்தது. ஆயினும் அவர் வாசித்தார். தம் கடையில் தாம் விற்கும் பொருளின் பின்பக்கத்தை அவர் வாசித்தது அதுவே முதல் முறை. இடையிடையே தெரியாத சொற்களைக் கைபேசியில் தேடிக்கொண்டார். கெட்டியானது மிக வறண்ட, அடர்ந்த முடிக்கு உரியது. நீர்த்தது மெல்லிய முடிக்கும் அடிக்கடி தலை கழுவுவோருக்கும் உரியது. காய்ந்தால் பிசுபிசுப்பு இராது.

பொன்மணி ஒரு முறை ஏமாந்தவள். எழுதியிருப்பதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. இடப் புறங்கையில் கெட்டியானதையும் வலப் புறங்கையில் நீர்த்ததையும் தடவச் சொன்னாள். இரண்டும் காயும்வரை முக்காலியில் அமர்ந்திருந்தாள். பிறகு முகப்பவுடர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, இரண்டு கைகளிலும் தூவி ஊதினாள். இடக் கையில் பவுடர் அப்பிக்கொண்டு நின்றது. வலக் கையில் இருந்தது பறந்து மகேஷ்குமாரின் சட்டையில் படிந்தது.

"ஒங்க சட்டைக்கும் சேத்து ஒரு சோப்பு வாங்கிக்கிடுதோம் அண்ணாச்சி" என்றாள் சண்முகத்தாய்.

அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே நீர்த்த புட்டியைப் பொதிந்து கொடுத்தார். தலைக்கென்றே செய்த, காரம் குறைந்த ஷாம்பு ஒன்றையும் எடுத்து வைத்தார். அந்த இரண்டிலும் தமிழ் இல்லை. வீட்டில் முனியராஜ் ஒரு வெள்ளைத் தாளை வெட்டிக் கிரீம் புட்டியில் ஒட்டி, வெந்து சுருங்கிய விரல்களால் பேனாவைப் பிடித்து, 'சாயந்தரம், தலை கழுவிய பின், ஈரத்தில், நுனிக்கு' என்று எழுதினான். எழுத்துகள் கோணலாக இருந்தாலும் பொருள் நேராக இருந்தது. பக்கத்தில் ஒரு பிறையும் வரைந்தான்.

அன்று முதல் அவள் மாலையில் தலை கழுவி, ஈரத்திலேயே கொஞ்சம் பூசி, விரலால் சிக்கெடுத்து உலரவிட்டாள். காலையில் காய்ந்த முடியைத் தளர்வாகப் பின்னித் துணி கட்டினாள். பொங்கலுக்கு முன்பே சங்கிலிமுத்து அவள் தலையைப் பார்த்து, மருந்து அறைக்குத் திரும்ப அனுமதித்தார். முறிந்தவை முறிந்தவைதாம், அவை மீளவில்லை. பின்னல் பழைய பருமனில் பாதியாக இருந்தது. ஆனால், அதன் நீளம் அதற்கு மேல் குறையவில்லை. சீப்பில் வந்த முடி, சுருட்டி வைக்கும் அளவுக்கு இல்லாமல் போயிற்று.

தைக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் கூட்டம் மிகுதி. முடி எடுப்பவர் தண்ணீரைத் தெளித்தபோது பொன்மணி அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னாள். பின்னலை அவிழ்த்து முதுகில் விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடுப்பைத் தொடுகிறதா என்று கேட்டாள். பின்னால் நின்ற சண்முகத்தாய் குனிந்து பார்த்தாள்.

"தொடுதுட்டி. ஒரு விரக்கடை கூடவே இருக்கு."

கத்தி நெற்றியிலிருந்து இறங்கிற்று. விழுந்த முடியை முனியராஜ் தன் வலக்கையில் ஏந்தி, சிந்தாமல் கொண்டுபோய்க் கோயிலில் சேர்த்தான். பொன்மணி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டாள். இனி முளைக்கப்போவது அவளுக்கே உரியது.

அச்சகத்தில் அடுத்த லோடுக்கும் அதே சூரியன் அடிக்கப்பட்டது. கீழே இருந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. அதை நிரப்பக் கூடியவர் லட்சுமிகாந்தம் அல்லர், மகேஷ்குமாரும் அல்லர். விலை கொடுத்து வாங்கும் நீங்கள்தான். இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று, உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, பூசும் முறையும் வேளையும் தமிழில் இல்லாத புட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். ஏன் வைத்தீர்கள் என்பதைக் கடைக்காரரிடம், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி, முழு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாருங்கள்.