மஃரிபுக்கு மூடிய திரை

அந்திநேர மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் றுக்கியா மாமி டிவியை நிறுத்தினார். அந்த வீட்டில் அது வழக்கம். அன்று மருமகள் அக்கீலாவின் அறைக்குள்ளும் போய், ஓடிக்கொண்டிருந்த கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுளூ செய்துவிட்டு ஈரக் கையோடு வந்த அக்கீலா, இருண்டுபோன திரையிடம் ஓடினாள்.

“அல்லாஹ்! மாமி, என்ன வேல பாத்தீங்க?”

“பாங்கு செல்லக்குள்ள படம் ஓடினா நல்லமா மகள்?”

படமாம்! இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்குவதைக் கணினி நாட்கணக்கில் போட்டுப் பார்க்கிற கணக்கு அது. அவை முட்டிச் சேரும்போது எழும் ஈர்ப்பலை எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அவற்றை ஆணியடித்தாற்போல ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாள்; கணக்கு பாதியில் உடைந்துபோனது. தன்பாட்டில் நகர விட்ட பிறகுதான் ஒழுங்காக ஓடியது. நடுவில் சேமித்து வைக்காதது அவளுடைய மடத்தனம். முடிவை அனுப்பினால் டோஹாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். டோஹாவில் முபாரிஸ் இருக்கிறான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து புருஷனோடு சேர்ந்திருந்தது அவனுடைய லீவு நாட்களில் மட்டும்தான். போனில் அவன் சிரிக்கும்போதெல்லாம், அந்த மூச்சு தன் கழுத்தில் படாதா என்று ஏங்கிச் செத்தாள்.

மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள்; பாங்கு நேரங்களில் அறைக் கதவைச் சாத்தி வைத்தாள். மாமி வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்ற நினைப்பு மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. அவளும் போய்விட்டால் நுரைச்சோலையின் இந்த வீட்டில் மாமி தனி ஆள்.

கணக்கு முடியவிருந்த அன்று பின்னேரம் மாமி தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது ரெண்டும் சேந்தா நீங்க போயிருவீங்க, என்ன?”

பொய் சொல்ல அக்கீலாவுக்கு மனம் வரவில்லை.

“ஓம் மாமி.”

வெளியே கடற்காற்று ஜன்னலைப் படபடவென்று அடித்தது. பாங்கு தொடங்கியது. மாமியின் கை பிளக் பக்கம் போனது. அக்கீலா அந்தக் கையையே பார்த்தாள்.

போன கை திரும்பியது. தொழுகைக்கென்று தோளில் போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுத்துத் திரையின் மேல் விரித்து மூடினார் மாமி.

“ஓடட்டும்,” என்றார், முகத்தைக் காட்டாமல்.

துணிக்கு அடியில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன, முன்பைவிட வேகமாக, கிட்டக்கிட்ட. மாமி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய், வழக்கம்போல இரண்டு தொழுகைப் பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.