கிண்ணத்தைக் கவிழ்த்த புலவர்

இடைவேளைக்குச் சற்று முன்பு மாமனார் தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ "உக்காருங்க சார், மறைக்குது" என்று கத்தியும் அசையவில்லை.

திரையில் அரசவை. தோற்ற போரை வென்றதாகப் பாடச் சொல்லி மன்னர் புலவரிடம் பொற்கிண்ணத்தைக் கொடுக்கிறார். அதில் குடிக்கப் பாலை மன்னரே ஊற்றப் போகிறார். மீசை அரும்பிய இளம்புலவர் ராணியை ஒரு பார்வை பார்க்கிறார், கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறார். அதுதான் அடையாளமாம். மாடத்தில் நிற்கும் காவலன் அதைக் கண்டு கோட்டைக் கதவைத் திறந்துவிட, எதிரிப்படை உள்ளே பாய்கிறது.

"அயோக்கியப் பசங்களா!" என்றார் மாமனார்.

பக்கத்தில் இருந்த மருமகளுக்கு அவரை உட்காரச் சொல்லத் துணிவு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கிண்ணக் கதை அவர் வீட்டுச் சொத்து.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், அவளையும் அவள் கணவனையும் எதிரே உட்கார வைத்து மாமனார் சொன்ன கதை அது. இவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன், அவருக்கும் முந்திய ஒருவர், அரசவைப் புலவராம். பொய்யாகப் புகழ்ந்து பாட மறுத்து, மன்னர் பால் ஊற்றும் முன்பே கிண்ணத்தைக் கவிழ்த்தாராம். "பொய்யை வாங்கிக் குடிக்க என்னிடம் கிண்ணம் இல்லை" என்றாராம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்பது கட்டளை. இப்போது அதையே காட்டிக்கொடுத்தவனின் கதையாக்கி, ஊரே பாப்கார்ன் கொறித்துக்கொண்டு பார்க்கிறது.

சொன்னது யார்? வீட்டில் நான்கே பேர். அதில் ஒருத்தி படங்களுக்கு சப்டைட்டில் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாமனார் செல்லமாக அவளைக் கூப்பிடுவதே "சப்டைட்டில்" என்றுதான். வீடு திரும்பும்போது காரில் அந்தப் பெயரைச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றும் இடத்தில் மாமியார் ஆரம்பித்தாள்.

"இந்தப் படம் உங்க ஆபீஸுக்கு வந்துச்சாமே?"

"வந்துச்சு அத்தை. ஆனா என் மேசைக்கு வரல. பக்கத்து மேசைக்காரர்தான் செஞ்சார்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நெருப்பில்லாமப் புகையாதுன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவு இல்லை. அதற்குப் பிறகு அவள் முன்னறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைப்பார். மாமியார் காய்ந்த துணியையே மறுபடி மடிப்பாள். அவள் எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்து மூடிவிட்டு வெளியேறுவாள். கதவுக்குப் பின்னால் பேச்சு மறுபடி தொடங்கும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒருநாள் காலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கணவன் கேட்டான்:

"பேச்சுவாக்குல எங்கயாச்சும் வாய விட்டிருப்பியோ? தப்பில்ல, சும்மா கேக்கறேன்."

"நீங்க விட்டிருக்க மாட்டீங்களோ? நாலு பேரு சேந்தா எங்க பரம்பரை, எங்க பரம்பரைன்னு ஆரம்பிக்கிறது யாரு?"

அவன் கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனான். கட்டினவனே சந்தேகப்படுகிற வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவது? பஸ்ஸில் போகும்போது அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் உளறியிருப்பேனோ? பக்கத்து மேசைக்காரர் காது கொஞ்சம் நீளம்தானே?

அவரையே பிடித்தாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "எனக்குக் கதை எல்லாம் நிக்காதும்மா. வரிக்கு எத்தன எழுத்துன்னு மட்டும்தான் பாப்பேன். வசனம் எழுதினவர் நம்பர் இருக்கு, அவரையே கேளு."

ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் போட்டாள். வசனகர்த்தா எடுத்ததுமே உஷாரானார்.

"நீங்க வக்கீலா?"

"இல்லைங்க, சப்டைட்டில்."

"புலவர் வாரிசா? இதோட மூணு குடும்பம் கேஸ் போடுவேன்னு மிரட்டிருச்சு."

"மருமகதாங்க. அந்தக் கிண்ணம் கவிழ்க்கிற சீன், அது எங்கேருந்து வந்துச்சு?"

"ஆழமான வரலாற்று ஆய்வும்மா."

"எந்தக் கல்வெட்டு?"

வசனகர்த்தாவின் குரல் தணிந்தது. "நீங்க இதை ரெக்கார்ட் பண்ணலையே? சரி. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். உரிமையெல்லாம் முறையா வாங்கியிருக்கோம். அதுல புலவர் நல்லவர், நாங்க கொஞ்சம் கெடுத்தோம். நல்லவன் கதைய இப்ப யாரு பாக்கறா?"

"பழைய படத்துக்கு அது எங்கேருந்து?"

அவர் சிரித்தார். "எங்கப்பா அதுல உதவி கேமராமேன். மன்னர் பாலை ஊத்தணும், புலவர் குடிச்சிட்டுப் பாடணும், அதான் சீன். ஷூட்டிங்குக்கு வச்சிருந்த பாலைப் பூனை குடிச்சிருச்சு. மன்னரா நடிச்சவர் கிளம்பணும்னு குதிக்கறார். டைரக்டர் தலையில கை வச்சிட்டார். வசனம் எழுதினவர்தான், யோவ், கிண்ணத்தைக் கவுத்துடச் சொல்லு, மிச்சத்த நான் பேசிக்கறேன்னாராம்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் கையலம்பியதும், லேப்டாப்பை முன்னறை ஸ்டூலின் மேல் வைத்தாள். "மாமா, ஒரு நிமிஷம் பாருங்க. நான் பொறக்கறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி வந்த படம்." பூனையை மட்டும் சொல்லவில்லை. தன்மேல் விழுந்த பழி நீங்கினால் போதும், பெரியவர் மனதை ஏன் உடைக்க வேண்டும்?

கறுப்பு வெள்ளையில், கீறல்கள் கோடு கோடாக மழையாய்ப் பெய்யும் படத்தில், தடித்த புலவர் ஒருவர் கிண்ணத்தைக் கவிழ்த்தார். "பொய்யை வாங்கிக் குடிக்க என்னிடம் கிண்ணம் இல்லை" என்றார். ஒரு சொல் பிசகவில்லை.

மாமனார் வாய் பிளந்து பார்த்தார். "இது எப்ப வந்த படம்?" என்று கேட்டு, ஆண்டைத் தெரிந்துகொண்டார். "அப்ப நான் ரெண்டாங்கிளாஸ். எங்கப்பா எனக்கு இதைச் சொன்னது மூணாங்கிளாஸ் லீவுல."

மருமகள் லேப்டாப்பை அவர் பக்கம் சற்றுத் தள்ளினாள். இதோ, கதை எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"திருட்டுப் பசங்க!" என்று தொடையில் தட்டினார் மாமனார். "எங்கப்பா எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே இவங்க காதுக்குப் போயிருக்கு!" பிறகு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "உங்கப்பா அந்தக் காலத்துல சினிமா கம்பெனிக்குத்தானே வண்டி ஓட்டினாரு?"

மாமியாரின் அப்பா வேறு யாருமில்லை, மாமனாரின் சொந்தத் தாய்மாமன். வீட்டுக் கதை எல்லாம் தெரிந்தவர்.

"செத்த மனுஷன இழுக்காதீங்க" என்றாள் மாமியார். பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மாமனார் நாற்காலியை மருமகள் பக்கம் இழுத்தார். "சப்டைட்டில், இங்க வா. நீதான் நம்ம ஆளு. அந்தக் கம்பெனி டிரைவருங்க பேரெல்லாம் எங்கயாச்சும் கிடைக்குமா? அத்தை காதுல விழ வேணாம்."

இந்தத் தணிந்த குரலுக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். கணவனும் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பதிலுக்கு வாயைத் திறக்கும்போது மாமியார் திரும்பி வந்தாள். பேச்சு நின்றது. மாமியார் எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்தாள், மூடினாள்.

அதைப் பார்த்ததும் மருமகளால் உட்கார முடியவில்லை.

"அத்தை, வாங்க. இங்க உக்காருங்க. நான் இன்னும் முழுசாச் சொல்லல" என்று பூனையை அவிழ்த்துவிட்டாள். வசனகர்த்தா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மாமனாரின் நெற்றி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. தப்பு பண்ணிவிட்டோமோ என்று அவள் லேப்டாப்பை மூடப் போனாள்.

"அந்தப் பழைய படத்துக்கு வசனம் எழுதினவர் எந்த ஊர்க்காரர்?" என்றார் கடைசியில்.

"தெரியல மாமா. ஏன்?"

"விசாரி. நம்ம ஆளாத்தான் இருக்கணும். பால் இல்லைன்னதும் சட்டுனு கிண்ணத்தைக் கவுக்கத் தோணுதுன்னா, அது ரத்தத்துல இருந்தாத்தான் தோணும்."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "அப்படியே அந்தப் பூனை எந்த ஊருன்னும் விசாரிக்கச் சொல்லுங்க. அதுவும் நம்ம சொந்தமா இருக்கப் போகுது" என்றவள், மருமகள் உட்காரத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"முதல்லேருந்து போடும்மா. டைட்டில் வரட்டும்" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டினார் மாமனார். நான்கு தலைகளும் சின்னத் திரையின் மேல் கவிந்தன. வசனம் என்ற எழுத்து வந்ததும், "நிறுத்து, நிறுத்து! பெருசாக் காட்டு" என்றார்.

பெருசாகக் காட்டினாள். பெயர் தெரிந்தது. அதற்கு முன்னாலிருந்த, ஊரைச் சொல்லும் எழுத்து மட்டும் தேய்ந்து போயிருந்தது.

"பாத்தியா, வேணும்னே அழிச்சிருக்கான்" என்றார் மாமனார்.