பதினைந்தாவது பெயர்

ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிப் பள்ளியை விட்டுப் போகும் முன், தமிழ் வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி ஓர் அட்டையில் எழுதி, சத்தமாக வாசித்து, கையில் கொடுப்பேன். இரண்டு வருடம் என்னிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள், போகும்போதாவது ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. நல்ல வார்த்தைக்குள்ளும் ஒரு குத்தல் இருக்கும்.

போன வருடம் பதினைந்து அட்டை எழுதினேன்.

கிஷனுக்கு இப்படி: "தாமதமாக வந்ததற்கு இவன் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் ஒரு புத்தகம் தேறும். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்பான். வீடோ பள்ளிக்குப் பின்னால்."

தர்மினிக்கு: "கேள்வி கேட்காமல் இவளால் மூச்சுவிட முடியாது. நான் தப்பாகச் சொன்னதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். வக்கீலாகப் போகிறாளாம். அந்த நீதிபதியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது."

குமுதா மூன்றாவது வரிசையில் தூங்குவாள். எழுப்பிக் கேள்வி கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்குவாள். அவளைத் திட்ட இரண்டு வருடமாக எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை என்று அவள் அட்டையில் எழுதினேன். அதை வாசித்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

கோகுலனுடையதைக் கடைசியில் வாசித்தேன். "இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. நாற்காலி தூக்க வேண்டுமா, மேடையேறிப் பேச வேண்டுமா, கிஷனுக்கு வீட்டுப்பாடம் காட்ட வேண்டுமா, எதற்கும் சரி என்பான். இவன் வந்ததால்தான் நாம் பதினைந்து பேர் ஆனோம். இவன் இல்லையென்றால் இந்த வகுப்பே இல்லை."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவன் காது சிவந்துவிட்டது. அட்டையை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நான் எழுதியதிலேயே உண்மையான அட்டை அதுதான்.

எங்கள் பள்ளியில் தமிழுக்குக் கால அட்டவணையில் இடம் கிடையாது. சனிக்கிழமை காலையில்தான் வகுப்பு. பதினைந்து பேர் இருந்தால் நடக்கும், ஒருவர் குறைந்தாலும் மூடிவிடுவார்கள். அவர்கள் நான்காம் படிவத்துக்கு வந்தபோது பதினாலு பேர்தான் சேர்ந்தார்கள். கேண்டீனில் மீகூன் தின்றுகொண்டிருந்த கோகுலனைப் பிடித்தேன்.

"செஜாரா ரொம்ப வீக்கு டீச்சர். சனிக்கிழமதான் சிக்கு ஹஸ்ருல் எக்ஸ்ட்ரா கிளாஸ் வைக்கிறாரு" என்றான்.

சிக்கு ஹஸ்ருல் எங்கள் வரலாற்று ஆசிரியர்; செஜாரா என்றால் வரலாறு. அதில் தோற்றால், மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை நான்.

"ஒரே ஒரு ஆளு இல்லாம கிளாஸ மூடப்போறாங்கடா" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப சரி டீச்சர். வரேன் லா."

வந்தான். இரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பேச்சுப் போட்டிக்கு அனுப்பினேன், கோப்பையோடு வந்தான். கோப்பை இன்னும் ஆசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

முன்னோட்டத் தேர்வில் அவன் வரலாற்றில் தோற்றதும், ஹஸ்ருல் என் மேசைக்கு வந்தார். பரீட்சைவரை சனிக்கிழமைகளில் இவனை என்னிடம் விடுங்கள், கடைசி நேரத்தில் யாரும் உங்கள் வகுப்பை மூடமாட்டார்கள், முதல்வரிடம் நானே பேசுகிறேன் என்று மலாயில் கெஞ்சாத குறையாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தமிழ் என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையென்று பார்க்காமல் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறவர். அவர் திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டார். நான் ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வந்த நாளில் தர்மினிக்கு ஒன்பது ஏ. குமுதா கொட்டாவி விட்டபடி ஏழு ஏ வாங்கினாள். கிஷன் அன்றைக்கும் தாமதம், ஆனாலும் எல்லாவற்றிலும் தேறியிருந்தான். கோகுலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"டீச்சர், தமிழ்ல ஏ பிளஸ்! நம்ம ஸ்கூல்ல நான் ஒருத்தன்தான்!"

தாளை வாங்கிப் பார்த்தேன். கண் நேராக வரலாற்றுக்குப் போனது. தோல்வி.

"பாயான் லெப்பாஸ் பேக்டரியில டெக்னீஷியன் டிரெயினிங் கெடச்சிருந்துச்சே?"

"செர்ட்டிபிகேட் இல்லாம எடுக்க மாட்டாங்களாம். ஆப்பரேட்டரா வரச் சொல்றாங்க. பரவால டீச்சர், செஜாரா மட்டும் நடு வருஷத்துல திரும்ப எழுதலாம் லா."

எனக்கு அவன் ஆறுதல் சொன்னான். அங்கேயே அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஒழுங்காப் படி" என்றேன். ஆசிரியை வாய்க்கு அதுதான் வந்தது.

மறுதேர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை ஜெலுத்தோங்கில் அவனைப் பார்த்தேன். நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாகத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றான். இளைத்திருந்தான்.

"பரீட்ச எழுதினியா?"

"ஷிப்ட் மாத்தித் தரல டீச்சர். பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா புக்க தொறக்கவே முடியல. அடுத்த வருஷம் பாக்கலாம்." உடனே பேச்சை மாற்றினான். "கிளாஸ்ல இப்ப எத்தன பேரு டீச்சர்?"

"பதினாலுடா. ஒரு புள்ள சிம்பாங் அம்பாட்டுக்கு வீடு மாறிப் போயிட்டா. திங்கக்கெழம லிஸ்ட்டக் கேக்குறாங்க."

அவனிடம் போய் அதைச் சொன்னேனே, எனக்குப் புத்தி இருந்ததா?

அந்தச் சனிக்கிழமை வகுப்பு வாசலில் ஒரு பெண் நின்றாள். நான்காம் படிவம். தலையைச் சொறிந்த விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

"நான் காமினி, டீச்சர். கோகுலன் தங்கச்சி. அண்ணன்தான் போகச் சொன்னாரு. ஒரு ஆளு கொறையுதாமே?"

உள்ளே பதினாலு பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் அவளுக்கு நாற்காலியை இழுத்தே போட்டுவிட்டான். மேசைமேல் பட்டியல் இருந்தது, பதினைந்தாவது வரி காலியாக. என் கையில் பேனா இருந்தது.

"செஜாராவுல எத்தன மார்க்கு?"

அவள் குனிந்துகொண்டாள். "முப்பத்தொண்ணு."

"இப்ப சிக்கு ஹஸ்ருல் கிளாஸ் நடக்குதுல்ல?"

"நடக்குது டீச்சர். ஆனா பரவால..."

"பரவாயில்லன்னு சொல்லாத!" என்று கத்திவிட்டேன். பிள்ளை நடுங்கிப்போனாள்.

அவள் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனேன். ஹஸ்ருல் பாடத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவள் கோகுலனின் தங்கை என்று மட்டும் சொன்னேன். அவர் முன்வரிசையில் ஓர் இடத்தைக் காட்டினார்.

திங்கட்கிழமை பதினாலு பெயரோடு பட்டியலைக் கொடுத்தேன். முதல்வர் எண்ணிப் பார்த்தார், வருத்தம் என்றார். புதன்கிழமை வகுப்பை மூடிவிட்டார்கள். அந்தப் பதினாலு பேர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் இப்போது கேண்டீன் பக்கமே போவதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கோகுலனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வேலை இடைவேளையில் அனுப்பியிருப்பான்.

"தங்கச்சி சொன்னா டீச்சர். கிளாஸ் மூடிட்டாங்களாமே. வேற யாரையாச்சும் நான் பாத்து அனுப்பியிருக்கணும். சாரி டீச்சர்."

கண்ணாடி அலமாரியில் அவன் கோப்பை இருந்தது. எதிர்மேசையில் ஹஸ்ருல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் பதில் அடிக்க ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். இரண்டரை வருடமாக நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அவன் என்னிடம் சொல்லிவிட்டான்.